பழைய காரில் செல்ஃப் எடுக்கவில்லை, சைலன்சர் வெடிக்கிறது: அறிகுறியை வைத்துப் பழுது பிடிக்கும் முறை

பெங்களூரில் இன்னும் ஓடும் பழைய அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மோரிஸ் வண்டிகளை மனதில் வைத்து எழுதியது இது. ஃபியட், பத்மினிக்கும் பெரும்பாலானவை பொருந்தும். ஆனால் அவற்றில் நட்டு, போல்ட் எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. அம்பாசடரும் ஹெரால்டும் இன்ச் கணக்கு. மேனிஃபோல்டு (எஞ்சின் ஹெட்டில் மாட்டும் கிளைக் குழாய்) நட்டுக்கு அரை இன்ச் ஸ்பேனர்தான் சரியாக உட்காரும். 13 எம்.எம். ஸ்பேனரும் ஏறத்தாழப் பொருந்துகிறதே என்று போட்டால், துருப்பிடித்த நட்டின் மூலை உருண்டுவிடும். பிறகு கழற்றுவது பெரும்பாடு.

செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, உதிரி பாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் ரீகண்டிஷன் செய்தது ஒன்றை வாங்கி மாட்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அடுத்த வாரமே அதே கோளாறு திரும்பி வரும். மோட்டார் நன்றாக இருந்திருக்கும். கரண்ட்தான் வழியில் எங்கோ தொலைந்திருக்கும். அது எங்கே தொலைகிறது என்று பார்க்க ஒரு சாதாரண மல்டிமீட்டரும் சாவியைத் திருப்ப ஓர் ஆளும் போதும்.

எதற்கும் முன்னால் பேட்டரியில் எந்த முனை பாடியோடு எர்த் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். 1960களின் பிரிட்டிஷ் வம்சத்து வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். பேட்டரியை மாற்றி இணைத்தாலும் செல்ஃப் அதே திசையில்தான் சுற்றும், ஏனென்றால் அதன் நிலையான ஃபீல்டு காயிலும் சுழலும் ஆர்மேச்சரும் தொடராக இணைந்தவை. அதனால் தப்பு உடனே தெரியாது. டைனமோ சார்ஜ் ஏறாமல் போகும்போதோ, பிற்பாடு பொருத்திய ஆல்டர்னேட்டர் டயோடு எரியும்போதோதான் தெரியவரும். எந்த வண்டியானாலும் கழற்றும்போது எர்த் முனையை முதலில் எடுங்கள், மாட்டும்போது கடைசியில் போடுங்கள்.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் கொஞ்சமும் குறையவில்லை என்றால் செல்ஃபுக்குக் கரண்ட் போகவே இல்லை: சாவி ஸ்விட்ச், சொலினாய்டுக்கு (செல்ஃபுக்குப் பெரிய கரண்டை விடும் காந்த ஸ்விட்ச்) போகும் மெல்லிய ஒயர், சொலினாய்டு, இந்த மூன்றில் ஒன்று. வெளிச்சம் அடியோடு செத்துப்போனால் பேட்டரி காலி, அல்லது டெர்மினல் பிடிப்பு கெட்டிருக்கிறது, அல்லது செல்ஃபின் சின்னப் பல்சக்கரமான பினியன், எஞ்சின் ஃப்ளைவீலைச் சுற்றிய பல்வளையமான ரிங் கியரில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

முதல் வகையில், சொலினாய்டின் சிறிய முனையில் டெஸ்ட் லாம்ப்பை வைத்துச் சாவியைத் திருப்புங்கள். லாம்ப் எரியாவிட்டால் கோளாறு சாவிப் பக்கம். எரிந்தும் சொலினாய்டு அசையாவிட்டால் முதலில் அதன் பாடி எர்த்தைச் சுரண்டிப் பாருங்கள். பானெட்டுக்குள் தனியாகத் திருகி வைத்திருக்கும் பழைய லூக்காஸ் சொலினாய்டுகளுக்கு, திருகிய இடமே எர்த். வண்டிக்குப் புது பெயிண்ட் அடித்த பிறகு செல்ஃப் நின்றுபோனால் பெரும்பாலும் காரணம் அந்தப் பெயிண்ட்தான். இவற்றில் சிலவற்றின் பின்புறம் ரப்பர் மூடிய பொத்தான் இருக்கும். கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக் போட்டு, அதை விரலால் அழுத்திப் பாருங்கள். செல்ஃப் சுற்றினால் பெரிய ஒயரும் மோட்டாரும் சரி.

ஒரு முறை "டக்" என்கிறது, அல்லது "டக டக டக" என்கிறது

வரிசையாக டகடகவென்றால் பேட்டரியில் பலமில்லை. சொலினாய்டு இழுக்கிறது, வோல்டேஜ் விழுகிறது, சொலினாய்டு விடுகிறது, மறுபடி இழுக்கிறது. ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் சமாளிக்கலாம். 12.0 என்றால் சார்ஜருக்குப் போக வேண்டியது. ஓய்வில் 12.6 காட்டி, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் ஏதோ ஒரு செல் போய்விட்டது. ஒரு செல்லில் மட்டும் ஹைட்ரோமீட்டர் தாழ்ந்து நிற்கும்.

ஒரே ஒரு கனமான "டக்", அதன் பிறகு அமைதி என்றால், சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புத் தட்டு கருகியிருக்கலாம், செல்ஃப் பிரஷ் (சுழலும் ஆர்மேச்சருக்குக் கரண்ட் தரும் கரித்துண்டு) தேய்ந்திருக்கலாம், அல்லது பினியன் சிக்கியிருக்கலாம். செல்ஃப் பாடியை மரச் சுத்தியலால் இலேசாகத் தட்டியதும் சுற்றினால் பிரஷ்தான். தட்டியே காலம் தள்ளாதீர்கள். பிரஷ் நீளம் 8 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஸ்பிரிங்கின் அழுத்தம் எட்டாது. பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டர் கருகி, பிறகு ஆர்மேச்சரையே மாற்ற வேண்டி வரும்.

மெதுவாக, முக்கி முக்கிச் சுற்றுகிறது

பழைய வண்டிகளில் அதிகம் வரும் புகார் இதுதான். அதிகம் தவறாகக் கணிக்கப்படுவதும் இதுதான்.

இக்னிஷன் காயில் ஒயரைக் கழற்றி எஞ்சின் பிடிக்காதபடி செய்துவிட்டு, ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும், ஒருவர் மீட்டர் பிடிக்கட்டும். மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். பேட்டரியின் உயிர் முனையில் (எர்த் ஆகாத முனை) ஒரு புரோப், செல்ஃபின் பெரிய டெர்மினலில் மற்றொன்று. புரோப்பை ஈயக் கம்பத்திலேயே குத்துங்கள். மேலே மாட்டியிருக்கும் கிளாம்ப்பில் வைத்தால் கம்பத்துக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே உள்ள கோளாறு தெரியாது. செல்ஃப் சுற்றும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் நஷ்டம். அடுத்து பேட்டரியின் எர்த் கம்பத்துக்கும் செல்ஃப் பாடிக்கும் நடுவே பாருங்கள். அங்கே 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் புரோப்பை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்துங்கள்: கம்பம், கிளாம்ப், கேபிள் முனை, சேசிஸ், எஞ்சின். எந்த இரண்டு இடத்துக்கு நடுவே மீட்டர் துள்ளுகிறதோ அங்கேதான் பழுது. ஒரு நல்ல இணைப்பில் 0.1 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது.

முதலில் சந்தேகிக்க வேண்டியது எஞ்சினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டைதான். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. கிளட்ச் வேலைக்காகக் கியர்பாக்ஸை இறக்கியவர் அந்தப் பட்டையைத் திரும்ப மாட்ட மறந்திருந்தால், 150 ஆம்பியர் வேறு வழி தேடும். சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கம்பி, ஸ்பீடாமீட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். செல்ஃப் அடித்ததும் சோக் குமிழ் சுடுகிறது, கேபிள் உறை உருகி நாறுகிறது என்றால் வேறெதையும் தேட வேண்டாம். பட்டையை மாட்டுங்கள். மாட்டும் இரண்டு இடத்திலும் பெயிண்டை எமரியால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

கேபிளின் கனமும் முக்கியம். வெளியே பார்க்கத் தடிமனாக இருக்கும், உறையைக் கிழித்தால் உள்ளே செம்பு சுண்டு விரலில் பாதி. 12 வோல்ட் வண்டிக்கு 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் கேட்டு வாங்குங்கள். முனையை ஹைட்ராலிக் கிரிம்ப்பரில் அழுத்தச் சொல்லுங்கள். சுத்தியலால் தட்டி நசுக்கிய முனைக்குள் ஈரம் புகுந்து பச்சை பூக்கும்.

கேபிள் எல்லாம் சரி, ஆனாலும் மெதுவாகத்தான் சுற்றுகிறது என்றால், எஞ்சினே இறுக்கமா என்று பாருங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கைப்பிடியால் சுற்றினால் சீராகச் சுற்ற வேண்டும். சுற்றினால், செல்ஃபை இப்போது கழற்றலாம். உள்ளே முதலில் பார்க்க வேண்டியது தண்டைத் தாங்கும் வளையமான புஷ். அது தேய்ந்தால் ஆர்மேச்சர் தாழ்ந்து, சுற்றிலும் இருக்கும் காந்த இரும்பான போல் ஷூவில் உரசும். இரும்பில் பளபளப்பான கோடு விழுந்திருக்கும். புதுப் புஷ்ஷை மாட்டுவதற்கு முன் ஒரு நாள் முழுக்க எஞ்சின் ஆயிலில் ஊறப் போடுங்கள். அது துளைகள் நிறைந்த வெண்கலம், ஊறின எண்ணெய்தான் அதற்கு ஆயுள். ரீமர் விட்டு உள்வட்டத்தைப் பெரிதாக்கக் கூடாது, நுண்துளைகள் அடைந்துவிடும். கம்யூட்டேட்டரை லேத்தில் இலேசாகச் சீவலாம். ஆனால் லூக்காஸ் செல்ஃபில் செம்புப் பட்டைகளுக்கு நடுவே உள்ள மைக்காவைத் தோண்டக் கூடாது. டைனமோவுக்குத் தோண்ட வேண்டும், செல்ஃபுக்குத் தோண்டக் கூடாது. இரண்டையும் ஒரே கடையில் கொடுத்தால் இதைச் சொல்லியே கொடுங்கள்.

சூடானால் மட்டும் சுற்ற மறுக்கிறது

இக்னிஷன் டைமிங் அதிகம் முன்னால் இருந்தால் பிஸ்டன் மேலே வருவதற்குள் வெடித்து எஞ்சினைப் பின்னால் தள்ளும். செல்ஃப் ஒரு கணம் நின்று, "டங்" என்று உதைத்து, பிறகு சுற்றும். இப்படி விட்டால் செல்ஃபின் மூக்கு உடையும். பழைய வண்டியைக் கைப்பிடியால் ஸ்டார்ட் செய்பவருக்கு மணிக்கட்டு உடையும். கைப்பிடியைக் கீழிருந்து மேல்நோக்கி இழுங்கள், மேலிருந்து அமுக்காதீர்கள். கட்டைவிரலும் மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே இருக்கட்டும். டைமிங் சரியாக இருந்தும் சூட்டில் இறுகினால், மேலே சொன்ன தேய்ந்த புஷ்தான்.

செல்ஃப் "விர்ர்" என்று சுற்றுகிறது, எஞ்சின் அசையவில்லை

பழைய லூக்காஸ் செல்ஃபில் பினியன் தன் சுழற்சியின் வேகத்தாலேயே திருகுத் தண்டில் முன்னேறிப் பல்லில் மாட்டும். அந்தத் தண்டில் கிளட்ச் தூசியும் பழைய கிரீஸும் அப்பிக்கொண்டால் பினியன் நகராது. மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, உலர்த்தி அப்படியே மாட்டுங்கள். கிரீஸ் தடவி மாட்டினால் சீக்கிரமே அதில் தூசி ஒட்டி மறுபடி கழற்ற வைக்கும்.

எஞ்சின் ஒரு வெடி வெடித்ததும் பினியன் தெறித்து விலகி, செல்ஃப் வெறுமனே சுற்றினால் அது செல்ஃபின் குற்றமில்லை. முதல் வெடிக்குப் பிறகு எஞ்சின் தொடரவில்லை என்று பொருள். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட், இக்னிஷன் காயில், பெட்ரோல் பக்கம் போங்கள். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். செல்ஃப் அடிக்கும்போது காயிலில் 9 வோல்ட்டாவது இருக்க வேண்டும்.

பினியன் மாட்டிக்கொண்டு விடவில்லை

இக்னிஷனை அணைத்துவிட்டு, டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். "டிக்" என்று விடுபடும். இடமில்லாத பார்க்கிங்கில் வேறு வழி: செல்ஃபின் பின்முனையில் ஒரு சின்னத் தகர மூடி இருக்கும். அதை நெம்பினால் தண்டின் முனை சதுரமாகத் தெரியும். அதில் ஸ்பேனர் போட்டுத் திருப்புங்கள். அடிக்கடி இப்படி ஆனால் ரிங் கியரைப் பாருங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் எப்போதும் கம்ப்ரெஷனில் போய்த்தான் நிற்கும், அதனால் ரிங் கியரில் எதிரெதிரான இரண்டு இடங்களில் மட்டுமே பல் தேயும். கியர்பாக்ஸை இறக்கும்போது பழைய வளையத்தைத் தட்டி எடுத்து, 200 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் சூடாக்கி, 90 டிகிரி தள்ளி உட்கார வைத்தால் புதுப் பல்போல வேலை செய்யும். பல்லின் சாய்வு முன்பு எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே பக்கம் இருக்க வேண்டும். நெருப்பில் சிவக்கக் காய்ச்சினால் பல் மிருதுவாகிவிடும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றி, கடைசியில் சைலன்சர் "டமார்"

இரண்டு கோளாறும் சந்திக்கும் இடம் இது. எஞ்சின் பிடிக்காத கோபத்தில் நீளமாகச் செல்ஃப் அடித்தால், எரியாத பெட்ரோல் ஆவி எல்லாம் சைலன்சர் டிரம்முக்குள் போய்ச் சேரும். பிறகு ஒரு தீப்பொறி போதும், டிரம்மின் தையல் பிளந்துவிடும். ஒரு தடவைக்குப் பத்து விநாடி, நடுவே குறைந்தது அரை நிமிட ஓய்வு. இது செல்ஃபுக்கும் நல்லது. பெட்ரோல் வழிந்த வாடை வந்தால் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்தபடி அடியுங்கள். மிதித்து மிதித்து விடாதீர்கள். எஸ்.யு. வகைக் கார்ப்பரேட்டரில், மிதிக்கும்போது பெட்ரோல் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப் இல்லாததால் அதனால் பயனில்லை. பம்ப் உள்ள கார்ப்பரேட்டரில் இன்னும் மூழ்கும்.

காலையில் "டிக் டிக்", சூடானதும் மறைகிறது

டேப்பெட் சத்தம் என்று நினைத்து வால்வு கவரைத் திறப்பார்கள். டேப்பெட் என்றால் சூட்டிலும் இருக்கும். குளிரில் வந்து சூட்டில் மறைந்தால் மேனிஃபோல்டு பேக்கிங் ஊதுகிறது. இரும்பு விரிந்ததும் இடைவெளி அடைகிறது. அம்பாசடரின் பி சீரிஸ் எஞ்சினில் இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். எக்ஸாஸ்ட்டுக்கு மூன்று வாய்தான். நடுவாய் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர் இரண்டின் நெருப்பையும் வாங்குகிறது. பேக்கிங் முதலில் அங்கேதான் எரியும். கரி படிந்த தடம் காட்டிக்கொடுக்கும்.

உறுதிப்படுத்த, எஞ்சினை அணைத்து ஆறவைத்து, வாக்குவம் கிளீனரின் ஊதும் வாயைப் பின்குழாயில் துணி சுற்றிச் செருகுங்கள். இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்தால் குமிழி வரும் இடம் ஓட்டை. ஊதுபத்தி காட்டிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. கார்ப்பரேட்டருக்குக் கீழே அது வேண்டாத வேலை.

நட்டுகளைக் கழற்றுவதற்கு முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெய் விடுங்கள். வராத நட்டை முதலில் கால் சுற்று இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். அப்போதும் வராவிட்டால் நட்டை உளியால் பிளந்துவிடுவது மேல். நட்டின் விலை சில ரூபாய். ஸ்டட் ஹெட்டுக்குள் முறிந்தால் ஒரு நாள் வேலை. திரும்பப் போடும்போது பித்தளை நட்டு போடுங்கள், அது துருவில் ஒட்டாது. மேனிஃபோல்டின் முகத்தில் இரும்பு ஸ்கேலை வைத்து இடைவெளி பாருங்கள். வளைந்திருந்தால் எத்தனை பேக்கிங் போட்டாலும் ஊதும், சீவித்தான் ஆக வேண்டும். நடுவிலிருந்து ஓரமாக, ஏறத்தாழ 2 கிலோகிராம்-மீட்டர் டார்க்கில் (திருகு விசை) இறுக்கி, ஒரு முறை சூடாகி ஆறிய பிறகு மறுபடி இறுக்குங்கள்.

ஆக்சிலரேட்டரை விட்டதும் "பட் பட்"

இணைப்பில் ஓட்டை வழியே காற்று உள்ளே போய், குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோலை எரிக்கிறது. முதலில் மேனிஃபோல்டிலிருந்து இறங்கும் டவுன் பைப்பின் ஃபிளாஞ்சைப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் கலவை லீனாக (பெட்ரோல் குறைவாக) இருக்கிறது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் ஈ20 பெட்ரோல் எத்தனால் கலந்தது என்பதால் பழைய ஜெட் அமைப்பில் கலவை லீனாகும். எஸ்.யு. ஜெட் நட்டைக் கொஞ்சம் கீழே இறக்கினால் சரியாகும். அதே சமயம் பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். பழைய ரப்பர் ஊறி விரிசல் விடும், சூடான மேனிஃபோல்டுக்கு மேலே அது சொட்டக் கூடாது.

புகையின் நிறம்

டிசம்பர் காலையில் வெள்ளையாக வந்து, சில நிமிடத்தில் நின்றுவிட்டால் அது நீராவி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சூடான பிறகும் வெள்ளை நிற்கவில்லை, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைகிறது என்றால் ஹெட் பேக்கிங். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம்: சோக் முழுக்கத் திரும்பவில்லை, அல்லது ஃப்ளோட் ஊசி கசிகிறது. சென்னையில் டியூன் செய்த வண்டி இங்கே கொஞ்சம் கறுப்பாகப் புகைவது இயல்பு. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம், காற்று மெலிந்தது. நீலம் என்றால் எஞ்சின் ஆயில். வெகுநேரம் சிக்னலில் நின்று கிளம்பும்போது மட்டும் நீலம் வந்தால் வால்வு கைடு. ஏற்றத்தில் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்.

நந்தி மலை ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது

வெளியே பளபளவென்று இருக்கும் சைலன்சருக்குள்ளே தட்டு கழன்று வழியை அடைத்திருக்கலாம். டிரம்மை ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள்ளே சில்லறைபோல் குலுங்கும். இன்லெட் மேனிஃபோல்டில் அடைப்புத் திருகு இருந்தால் வாக்குவம் கேஜ் மாட்டுங்கள். புத்தகங்கள் ஐட்லிங்கில் 17 முதல் 21 இன்ச் (பாதரச அளவு) என்று சொல்வது கடல் மட்டக் கணக்கு. இங்கே மூன்று இன்ச் கழித்து 14 முதல் 18 வரை நல்லது. எஞ்சினை 2500 சுற்றில் நிறுத்திப் பிடிக்கும்போது முள் நிலையாக நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கினால் எக்ஸாஸ்ட் அடைப்பு. கேஜ் இல்லாவிட்டால் டவுன் பைப் ஃபிளாஞ்சைத் தளர்த்தி, வெட்டவெளியில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். சத்தம் காதைப் பிளக்கும், ஆனால் இழுவை திரும்பிவிட்டால் விடை கிடைத்துவிட்டது.

டிரம் மாற்றும்போது

பக்கத்துத் தெருவுக்கு மட்டும் போய்வரும் வண்டியில் சைலன்சர் சூடேறாது, உள்ளே தேங்கிய தண்ணீர் காயாது, பின்னாலிருந்து அரிக்கும். டிரம்மின் தாழ்ந்த இடத்தில் 3 மில்லிமீட்டர் துளை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றுங்கள். தொங்கும் ரப்பருக்குப் பதில் கம்பியை நேராகப் பாடியோடு வெல்டு செய்து தருவார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். எஞ்சின் ரப்பரில் ஆடும், குழாய் ஆட முடியாது, கடைசியில் மேனிஃபோல்டு ஃபிளாஞ்ச் விரியும். எல்லா கிளாம்ப்பையும் தளர்வாக மாட்டி, குழாய் எதிலும் உரசாமல், பிரேக் பைப்பிலிருந்து ஒரு இன்ச்சாவது விலகி நிற்கும்படி வைத்துவிட்டு, முன்னாலிருந்து பின்னால் வரை வரிசையாக இறுக்குங்கள்.

வண்டிக்குள் புகை வாடை

இதைத் தள்ளிப்போடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை. நீங்கள் மோப்பம் பிடிப்பது அதோடு சேர்ந்து வரும் மற்றவற்றை. தலைவலி, கொட்டாவி வந்தால் கண்ணாடியை இறக்கி வண்டியை ஓரம்கட்டுங்கள். பின்குழாய் பம்பரைத் தாண்டி வெளியே நீள வேண்டும். டிக்கி ரப்பர், ஃப்ளோர் துளைகளின் கிராமெட், கியர் லீவர் பூட், மூன்றையும் மாற்றுங்கள். அப்பார்ட்மென்ட் பேஸ்மெண்ட்டில் எஞ்சினை ஓடவிட்டு டியூன் செய்யாதீர்கள், மேலே தள்ளிக்கொண்டு வந்து செய்யுங்கள்.

எமிஷன் டெஸ்ட்டுக்குப் போவது இதையெல்லாம் முடித்த பிறகு. இந்த வயது வண்டிக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு (சி.ஓ.) 3 சதவீதம் வரை அனுமதி. குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக் காற்று கலந்து எண் குறைவாகக் காட்டும். ஓட்டையை அடைத்த மறுநாள் அதே வண்டி ஃபெயில் ஆகும். அதனால் முதலில் ஓட்டை, பிறகு கார்ப்பரேட்டர் டியூனிங், கடைசியில் டெஸ்ட்.